‘ஒரு அவசரமும் இல்ல, சாரே’

அக்கா,

கல்லூரி முழுக்கப் பெயின்ட் வாடை. நாளை டெல்லி ஆணையத்தின் ஆய்வுக்குழு வருகிறதாம். வாடகைக்கு எடுத்த குரோட்டன்ஸ் தொட்டிகள் வராந்தாவில் நிற்கின்றன. நம் தமிழ்த் துறைக்கும் ஒன்று கிடைத்தது. பியூன் அதை உங்கள் மேஜைமேல் வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் தரையில் இறக்கிவைக்கச் சொல்லிவிட்டேன்.

போன தடவை குழு வந்த அன்றும் இதே கூத்துதான். எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்து பணம் தருவது அந்த ஆணையம். தமிழுக்கு என் பதவி ஒன்றுதான்; இரண்டாவது பதவி தந்தால், வருடா வருடம் கெஸ்ட் லெக்சரராகவே இழுபட்ட உங்களுக்கு அது நிரந்தரமாகும்.

குழுவில் சென்னைப் பேராசிரியர் ஒருவரைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன சந்தோஷம்! "நம்மாளு, மக்ளே" என்றீர்கள். தயாரித்து வைத்திருந்த ஆங்கிலப் பேச்சை விட்டுவிட்டு மனம்விட்டுப் பேசினீர்கள்: "ஆரியசாலைச் சந்தையில கடை வேலைக்கு வந்தவங்க பிள்ளைகதான் இங்க உண்டு. அதுகளுக்குத் தமிழ் படிக்க ஒரு அவசரமும் இல்ல, சாரே."

அவசரம் என்றால் வாய்ப்பு. மலையாளத்தில் அப்படித்தான், இந்த மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்த நமக்கும் அப்படித்தான். சென்னைக்காரருக்கு அது எங்கே தெரியும்? தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். துறையினரே சொன்னபடி இரண்டாவது பதவிக்கு அவசரமில்லை என்று அறிக்கை வந்தது.

நான் கொதித்தேன். விளக்கம் எழுதி அனுப்பினோம், பதிலே இல்லை. நீங்களோ வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "சாரமில்ல, போகட்டும் மக்ளே. தமிழ் டீச்சருக்குத் தமிழே பாரை வச்சிட்டு, காலை வாரிட்டு, பாத்தியா?" பிறகு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அடுத்த ஜூனில் உங்களைக் கூப்பிடவில்லை. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஐ.டி. பெண்களின் விடுதிக்கு வார்டனாகப் போனீர்கள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். மத்தியானம் சோற்றுப் பொதியைப் பிரித்தால் பேச ஆளில்லை. தனியாக இருக்கிறேன், அக்கா. வேறென்ன சொல்ல?

காலையில் பிரின்சிபல் கூப்பிட்டார். "டீச்சரே, இந்தத் தடவை கேட்டா கிட்டும், உறப்பு" என்று உறுதியாகச் சொன்னார். கிடைத்தால் உங்கள் நாற்காலியில் யாரோ வந்து உட்காருவார்கள். கிடைக்கவே வேண்டாம் என்றுதான் பாழும் மனம் சொல்கிறது. ஆனால் நீங்கள் அன்று உங்களுக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் பேசினீர்கள். அவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நாளை கேட்கப்போகிறேன். இன்று சாயங்காலம் உங்கள் டிராயரைக் காலி செய்துவிட்டேன், அக்கா.