விசில் வருவதற்கு முன்

அன்பானவனுக்கு,

உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதை நான் அத்தையிடம் சொன்னேன். அத்தை அதையே என்னிடம் திருப்பிச் சொன்னார்.

பேசியது உங்கள் படையின் மனநல மருத்துவர். நீங்களெல்லாம் அவரைத் தூக்க டாக்டர் என்று கூப்பிடுகிறீர்களாம், அவரே சொன்னார். யார் போய் நின்றாலும் முதல் மருந்து தலையணைதானாம். குரலில் அவசரம் இல்லை. உனக்கு முன்னால் போன லாரி வெடித்ததைப் பற்றி மிகக் கொஞ்சமே சொன்னார். அதில் இருந்தவர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் கை ஸ்டியரிங்கைத் தொட மறுக்கிறது, தூக்கம் வரவில்லை, அதனால் சண்டை நடக்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்னால் அவர்களுடைய ஓய்வுக் கூடாரத்தில் உன்னை வைத்திருக்கிறார்கள். அங்கே யாரையும் நோயாளி என்று சொல்வதில்லையாம். சீருடையைக் கழற்ற வேண்டாம். பூட்ஸ் கட்டிலுக்கடியிலேயே இருக்கும். உன் ஆட்கள் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரம்.

வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். கடிதம் எழுதுங்கள், சாதாரண விஷயங்களாக எழுதுங்கள் என்றார்.

சாதாரண விஷயங்கள்.

போன விடுப்பில் குக்கர் விசிலடித்தபோது நீ மேசைக்கடியில் இருந்தாய். வெளியே வந்து, கரண்டி விழுந்துவிட்டது என்றாய். கரண்டி மேசைமேல் இருந்தது. மூன்று பேரும் அந்தக் கரண்டியைப் பற்றியே பேசிச் சாப்பிட்டு முடித்தோம். நீ போன பிறகு அத்தை குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது பருப்பு வேக ஒரு யுகம் ஆகிறது. பசியில் நான் சமையலறை வாசலில் நின்றால், உன் புருஷனுக்காகத்தானே, கொஞ்சம் பொறு என்கிறார்.

அழைப்பு மணியையும் கழற்றியாயிற்று. சிலிண்டர் கொண்டுவந்தவர் கதவை முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குத் திட்டு எனக்கு. மேல்வீட்டுத் தச்சரிடம் அத்தை தானே ஏறிப் போய்ச் சொன்னார், "என் பையன் வர்றான். அதுவரைக்கும் சுத்தியலத் தொடாதீங்க." எப்போது வருகிறார் என்று அவர் கேட்டிருக்கிறார். வரும்போது வருவான் என்று பதில். பாவம் மனிதர், பலகைகளைத் தூக்கிக்கொண்டு தன் மச்சான் வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

என் பங்குக்கு நானும் செய்திருக்கிறேன். எங்கள் செவித்திறன் மையத்தில் சோதனை அறையைப் புதுப்பிக்கிறார்கள். சத்தம் உறிஞ்சும் பழைய பஞ்சுத் தகடுகளைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். கேட்டு வாங்கி வந்து நம் படுக்கையறைச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டேன். சாம்பல் நிறம், முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமும். அழகாக இல்லை. ஆனால் தெருவே கேட்கவில்லை.

இன்று ஒரு தையல்காரர் சோதனைக்கு வந்தார். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றேன். நான் எதுவும் அனுப்பாத நேரத்திலெல்லாம் அழுத்தினார். காதில் கோளாறு இல்லை. ரொம்பக் கவனமாகக் காத்திருப்பவர்கள் அப்படித்தான். அந்த அழுத்தங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி.

மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டோம். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றியாயிற்று. வீடு தயார். ஒரு சத்தமும் இல்லை.

உன்
காதுக்காரி

*

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். லாரி ஓட்டுநரின் மனைவி எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி சாதாரண விஷயங்களை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. என் கணவர் பதில் போடாத ஆள் இல்லை.

உங்கள் முறையைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். தாமதிக்காமல் கவனிப்பது, தன் படைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது, உனக்கு வந்திருப்பது நோயல்ல, பார்க்கக் கூடாததைப் பார்த்த உடம்பின் இயல்பு, நீ திரும்பிப் போவாய் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. தொலைவுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர், தாங்கள் உடைந்துவிட்டோம் என்ற நினைப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்றும் படித்தேன். எங்காவது தவறு கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. என் கஷ்டமே அதுதான்.

நீங்கள் தேற்றத் தேற்ற அவர் என்னிடமிருந்து தூரம் போகிறார். தூங்கினால் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும். பிடித்தால் லாரி. லாரி என்றால் அதே சாலை. காலையில் கண் விழித்ததும் அவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பல் தேய்ப்பதற்குள் வேறு மாதிரி வேண்டிக்கொள்கிறேன். அந்த இரண்டாவது வேண்டுதலை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

அவருடைய அம்மா என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவன் வர்றானா இல்லையா, அத மட்டும் சொல்லு. படித்த மருமகள் என்று என்னிடம் கேட்கிறார். நான் உங்களிடம் கேட்கிறேன்.

அவரை அனுப்பிவிடுங்கள். இவரால் முடியாது என்று ஒரு வரி எழுத உங்களால் முடியும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டை முழுக்க அமைதியாக்கி வைத்திருக்கிறோம்.

பணிவுடன்,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு மனைவி

*

அன்பானவனுக்கு,

தூக்க டாக்டர் கூப்பிட்டார். உன்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். என் கடிதத்துக்குக் கோபப்படவில்லை. இந்த மாதிரிக் கடிதம் வராவிட்டால்தான் அவருக்குக் கவலையாம்.

எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும் வழி மூடியிருக்கவில்லையாம். அங்கே இருந்து தேறாதவர்களை அவர் பெரிய மருத்துவமனைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறார். உன்னிடமும் கேட்டாராம். நீ என் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னாயாம், "அந்த வீட்டுல எனக்காக யாரும் தும்மக்கூட மாட்டாங்க டாக்டர். இங்க நெட்டை குறட்டை விடறான். அது போதும்."

முதலில் சிரித்தேன். நெட்டையை எனக்குத் தெரியும், உன் வண்டியில் உன் பக்கத்து இருக்கை, நீ அனுப்பிய படங்களிலெல்லாம் தலை பாதி வெட்டுப்பட்டு நிற்பவன். சிரித்து முடித்த பிறகுதான் மற்ற பாதி புரிந்தது.

மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவு மூடிய சோதனை அறையில் ஒருவரைச் சும்மா உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தன் இதயம் கேட்கும். பிறகு ரத்தம் ஓடுவது கேட்கும். பிறகு அறையின் கண்ணாடி ஜன்னலைத் தட்டுவார். தினமும் பார்க்கிறேன். அப்படி ஓர் அறையை உனக்காகக் கட்டிவிட்டு, தயார் என்று எழுதியிருக்கிறேன்.

டாக்டர் மற்றதையும் சொன்னார். முதலில் தூக்கம், சூடான சாப்பாடு, முகச்சவரம். அப்புறம் பேச்சு, நீயாகப் பேசியபோது மட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கும் பழக்கம். அப்புறம் ஓடாத லாரியில் சும்மா உட்கார்ந்திருப்பது. பக்கத்தில் நெட்டை. அவனுக்கு அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றுதானாம்: எந்தச் சத்தமும் வருவதற்கு முன் சொல்ல வேண்டும். கதவை அடைக்கப் போறேன். இன்ஜினை ஸ்டார்ட் பண்றேன். ஹாரன். அவன் சொல்லிச் சொல்லி, நீ போதும்டா, கல்யாண வீட்டு மைக் மாதிரி கத்தாதே என்றாயாம். அன்று கூடாரத்தில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் நீயே சாவியைக் கேட்டிருக்கிறாய்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"சத்தத்த நிறுத்தாதீங்க," என்றார். "வர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க."

அத்தையிடம் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு கேஸ் மிச்சமாகியிருக்கும் என்றார். அப்புறம் மெதுவாக, "அப்போ இப்ப வரமாட்டானா?" என்றார். உங்கள் அணிக்கு முறை மாறும்போது விடுப்பு வரும், அப்போது நீ வருவாய் என்றேன். பரணைப் பார்த்தார். ஏணியைப் பிடி என்றார்.

தச்சர் திரும்பி வந்துவிட்டார். துளைபோடும் முன் இறங்கி வந்து, அக்கா, ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்த மரியாதைக்கு அத்தையிடம் அவருக்குத் தினமும் டீ. பஞ்சுத் தகடுகளை உரித்துவிட்டேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது. சுவரெல்லாம் பசைத் தழும்பு. நீ வந்து வெள்ளையடி. அதுவரை அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. சின்னக் கடிதம். கடைசி வரியில், அன்றைக்குக் கரண்டி விழவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அத்தையிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாதாக்கும் என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தை இப்போது குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு நம் அறை வாசலுக்கு வருகிறார். காலி அறையைப் பார்த்து, "டேய், விசில் வரப்போகுதுடா," என்கிறார். பதில் வருகிற அளவுக்கு நேரம் நிற்கிறார். பிறகு போகிறார். பிறகு விசில். ஆரம்பத்தில் நான் சிரித்தேன். இப்போது அவர் குளித்துக்கொண்டிருந்தால் நான் போய்ச் சொல்கிறேன்.

அழைப்பு மணியைத் திரும்ப மாட்டியிருக்கிறேன். நடுவில் சில தடவை அடித்தது போலிருந்தது. போய்த் திறந்தேன், யாருமில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ அந்தச் சாலையில் இருப்பாய். நெட்டையைச் சொல்லிக்கொண்டே வரச் சொல். எரிச்சலாக இருந்தாலும் கேட்டுக்கொள். மூச்சை நீளமாக விடு. தூக்கம் வந்தால் தூங்கு. இனி காலையில் நான் அதை மட்டுமே வேண்டிக்கொள்ளப் பார்க்கிறேன்.

வருகிற நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். நேராக வந்து மணியை அடி. அந்த ஒரு சத்தத்துக்கு எங்களுக்கு முன்னறிவிப்பு தேவையில்லை.

உன்
காதுக்காரி