ரெண்டு கையும் ஒண்ணா விழுது

5-9-88
எங்கள் கம்பெனி ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் அடித்த பாஸ்கரன் வேலையை விட்டுவிட்டு பெங்களூர் போய்விட்டான். ஆயுத பூஜைக்கு இன்னும் ஆறு வாரம். "யாராச்சும் கத்துக்கறீங்களா?" என்று கேன்டீனில் ஜெய்னப் கேட்டாள். பாக்கிங் செக்சன் பெண், ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கையைத் தூக்கிவிட்டேன். வயசு நாற்பத்திரண்டு. ஒரு தப்பட்டையைக்கூடத் தொட்டதில்லை.

வீட்டில் சொன்னேன். என் பெண்டாட்டி செல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "மேடையில ஏறி மானத்த வாங்காதீங்க. நான் பாக்க வரமாட்டன்." சரிதான் போடி. வர வைக்கிறேனா இல்லையா பார்!

8-9-88
முதல் பாடம். ஜெய்னப்தான் சொல்லித் தருகிறாள், பள்ளிக்கூட பேண்டில் அடித்தவளாம். குச்சியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தோலில் பட்டதும் தானாகத் துள்ளி எழ விட வேண்டும். வலது, இடது, வலது, இடது. இவ்வளவுதானா?

அடித்தால் ரெண்டு கையும் ஒண்ணாக விழுகிறது! மறுபடி அடித்தேன். மறுபடியும் ஒண்ணாகவே. "அண்ணா, நீங்க பிரஸ் ஷாப்பா?" என்று சிரித்தாள். ஆமாம், பதினோரு வருசம். தகடு அழுத்தும் எங்கள் மெஷினில் ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டி நசுங்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. நாள் பூரா அதே வேலை. கைதான் என்ன செய்யும், பாவம்.

15-9-88
ஒண்ணாகவே விழுகிறது.

22-9-88
வீட்டுக்கு வரும்போது உத்தனப்பள்ளி பஸ்ஸில் முன் சீட்டு முதுகில் தட்டிப் பழகினேன். அதில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, "ஏமய்யா!" என்று ஆரம்பித்து வழியெல்லாம் தெலுங்கில் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஜெய்னப் கெடு வைத்துவிட்டாள். "அடுத்த வியாழக்கிழமைக்குள்ள வரலன்னா தளி ஊர்ல டிரம்ஸ் அடிக்கறவரு ஒருத்தரு இருக்காரு, அவரக் கூப்புட்டுக்கறோம்ணா. கோச்சுக்காதீங்க." அவள் மேல் கோபமில்லை. ஆனா வயிறு எரியுது. எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

25-9-88, ஞாயிறு
விடிகாலை. செல்லி பால் கறந்துகொண்டிருந்தாள். சொர், சொர், சொர், சொர் — ஒரு கை இழுக்க, ஒரு கை விட. அட! வலது, இடது! "தள்ளு, நான் கறக்கறன்" என்றேன். பைத்தியமா என்பது போல் பார்த்தாள். மாடும் அப்படித்தான் நினைத்தது போல, விட்டது ஒரு உதை. வேட்டியெல்லாம் பால்.

திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து என் கைமேல் கை வைத்தாள். "ஒண்ணப் புடிக்கறப்ப இன்னொண்ண விடுங்க. அவ்ளோதான்." அரைப்படி கறந்துவிட்டேன். தினமும் இனி நான்தான் கறக்கப்போகிறேன்.

29-9-88
இன்றுதான் கெடு. காலையில் பிரஸ் இறங்கவில்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. சூப்பர்வைசர் கங்கப்பன் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார். அவன் அமுக்கினால் ஜம்மென்று இறங்குகிறது. நான் அமுக்கினால் வலது கை முந்திவிடுகிறது, இடது பின்னால் வருகிறது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார், இவரு கைதான் ரிப்பேரு." கங்கப்பன் கத்தோ கத்தென்று கத்தினார். எனக்கோ சந்தோசத்தில் அங்கேயே குதிக்கத் தோன்றியது.

சாயங்காலம் ஜெய்னப் முன்னால் ஒரு முழுப் பாட்டுக்கும் நிற்காமல் அடித்தேன். "தளிக்காரரு வேணாம்ணா" என்றாள்.

19-10-88, ஆயுத பூஜை
மூணு பாட்டு. ரெண்டாவதில் ஓரிடத்தில் தடுக்கிவிட்டேன், ஜெய்னப் குரலை இழுத்துப் பாடிச் சமாளித்தாள். கூட்டத்தைப் பார்த்தால் தாளம் தப்பும் என்று நிமிரவே இல்லை. முடிந்ததும் மைக்கில் பேர் வாசித்தார்கள். போன வருச லிஸ்ட்டு! "டிரம்ஸ், பாஸ்கரன்." எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு முகமே செத்துப்போச்சு.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். "பாஸ்கரன் இல்லீங்க! கரியப்பன்! பிரஸ் ஷாப்பு கரியப்பன்!"

செல்லி! எழுந்து நிற்கிறாள். கல்யாணமாகிப் பதினாறு வருசம். புருசன் பேரைச் சொல்லக் கூடாதென்று ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டிவிட்டு வாய் திறக்காமல் நிற்பவள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

"அட, போங்க."