கீழ் வீட்டுச் சுவரின் சூடு

அனுப்புநர்:
துணி தைத்துப் பிழைப்பவள்,
கீழ் வீட்டில் முன்பு குடியிருந்தவள்,
தற்போது தம்பி வீட்டில்.

பெறுநர்:
மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வாளர் அலுவலகம்.

பொருள்: மின்சாரக் காருக்குப் பழைய வயரில் சார்ஜ் ஏற்றியதால் என் கணவர் இறந்தது – இணைப்பைத் துண்டிக்கவும் விசாரணை அறிக்கையைத் திருத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கினார். அதற்கெனத் தனி வயர் இழுக்காமல், எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் ஓடும் பழைய வயரிலிருந்தே வாசலில் சார்ஜர் மாட்டிக்கொண்டார். சார்ஜ் போட்டால் பிரேக்கர் விழும். என் தையல் மிஷினும் நின்றுபோகும்.

2. அவருடைய மைத்துனர் வந்து பிரேக்கரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டினார். வயரைத் தொடவில்லை. "இனிமே விழாதுக்கா, கவலையே படாதீங்க" என்றார். விழவில்லைதான். வயர் தாங்காதபோது மின்சாரத்தை நிறுத்தவே இருந்த பிரேக்கரின் வாயை அடைத்துவிட்டார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

3. அதன்பிறகு கார் சார்ஜ் ஏறும்போதெல்லாம் சுவர் சூடேறியது. என் கணவர் மூட்டை தூக்கி இடுப்பு போனவர். கட்டிலை அந்தச் சுவரோரம் இழுத்துப் போடச் சொன்னார். "ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்குடி. கார்க்காரர் நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தவும் செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெயிலுக்குச் சுவர் சுடத்தான் செய்யும் என்றார். மழைக்காலத்தில் ஏது வெயில் என்று கேட்டதற்கு, "பிடிக்கலன்னா வேற வீடு பாரும்மா" என்றார்.

4. ஒரு ஞாயிறு மதியம், தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. சுவரிலிருந்து மெத்தையில் தீப்பிடித்திருக்கிறது. அவரால் எழுந்து ஓட முடியவில்லை. இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, ஐயா.

5. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் கருகிய சுவரை உடைத்துப் பார்க்கவில்லை. மாடியில் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, நான் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போனதே காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இஸ்திரிப் பெட்டி அன்று பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது. கடைக்காரர் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். புருஷனைக் கொளுத்தியவள் என்று என் முகத்துக்கு நேராகவே பேசுகிறார்கள்.

6. என் தலையெழுத்து என்று முடங்கிக் கிடந்திருப்பேன். ஆனால் நேற்று என் மிஷினை எடுத்துவர அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் எரிந்த வயருக்கு ஒட்டுப் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, வேறு குடித்தனம் வைத்துவிட்டார். அதே கார், அதே சார்ஜர். புதிதாக வந்திருப்பவள் பிள்ளை பெற்று மாதம்கூட ஆகாதவள். "இந்தச் சுவர் கதகதப்பா இருக்குக்கா, இங்க போட்டாத்தான் பாப்பா தூங்குது" என்று தொட்டிலைக் காட்டினாள். தொட்டிலை நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினேன். நான் யாரென்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டாள்.

என் சொல் அந்த வீட்டில் எடுபடாது. தங்கள் சொல் எடுபடும். அறிக்கையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். கார் சார்ஜில் நிற்கும் நேரமாகப் பார்த்து, தாங்களே நேரில் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: தம்பி வீடு

இப்படிக்கு,
கீழ் வீட்டுத் தையல்காரி
(ஒப்பம்)