மரத்தடித் தண்ணீர்

டிசம்பர் 18, வியாழன்

வெட்டி வாங்கிவந்த எங்கள் கிறிஸ்மஸ் மரம் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது என்று சர்ச்சில் எல்லாரிடமும் பெருமையடித்திருந்தேன். ராத்திரி மரம் நிற்கும் தொட்டியை நிரப்பி வைத்தால் காலையில் காலியாக இருக்கும். ஆனாலும் இலை உதிர்ந்துகொண்டே இருந்தது. இன்று காலை எழுந்து வந்தால், என் வீட்டுக்காரர் மரத்தடியில் குந்திக்கொண்டு, தொட்டித் தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஏடிஸ் கொசு முட்டை போடும்லா. தேங்குன தண்ணிய யாராச்சும் வீட்டுக்குள்ள வைப்பாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் குளுவாங் ஊர் வெக்கையில் அசல் மரத்தைக் காப்பாற்றுவது என்ன சாதாரண வேலையா? ஆனால் போன கிறிஸ்மஸுக்கு டிங்கி கொசுக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்.

தண்ணீர் இல்லாமல் மரத்தின் வெட்டுவாய் பிசின் காய்ந்து அடைத்திருந்தது. அவரை மரத்தைப் பிடிக்கச் சொல்லி, மறுபடி தண்ணீர் ஏறட்டும் என்று அடியில் ஒரு துண்டு அறுத்து எடுத்தேன். பச்சை வாசம் வந்தது. தொட்டியை நிரப்பி, பழைய கொசுவலையால் அதன் வாயை இறுக்கிக் கட்டினேன். மரம் பிழைத்துவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இப்ப சரியா?" என்றேன். தலையாட்டினார்.

விளக்கணைக்கும்போது பார்த்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது. இந்தத் தடவை மரம்தான் குடித்திருக்கிறது. வலையில் என் முடிச்சுக்கு மேல் அவர் இன்னொரு முடிச்சுப் போட்டிருந்தார். நான் எதையும் அவிழ்க்கவில்லை. வலை வழியாகவே தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன்.