தேசப்பனின் பேத்தைக் கதை

நவ. 4, செவ்வாய்
வாடைக்காற்று. எங்கள் குப்பத்தில் படகு எதுவும் இறங்கவில்லை. கெளுத்தி முள் குத்திய கால், வீக்கம் வடிந்துவிட்டது. செஃபலெக்சின் மாத்திரை, ஏழு நாள் விடாமல் என்றார் டாக்டர். மூன்றே நாளில் குணம் என்று நானே தீர்ப்பு. மிச்ச அட்டை ரேஷன் கார்டோடு பீரோவில்.

சாயங்காலம் டீக்கடை. என் பெண்டாட்டி கோமளாவின் தம்பி தேசப்பனும் இருந்தான். விடுவேனா? அவன் கல்யாணக் கதை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் தொண்டை வலி, பென்சிலின் ஊசி, முகம் பேத்தை மீன் மாதிரி உப்பி, பெண் வீட்டார் மாப்பிள்ளையிடமே "மாப்ள எங்க?" என்று கேட்டது. பன்னிரண்டு வருஷமாக இதே கதை. சிரிப்பு குறையவில்லை.
"உனுக்கு வேற பொழப்பே இல்லியா மாமா?" அவனும்தான் சிரித்தான்.

நவ. 6, வியாழன்
தூறல். வாங்க: நைலான் நூல், கொசுவத்தி, கோமளாவுக்கு மூட்டுவலித் தைலம்.
தேசப்பன் வந்தான். நண்டு கவ்விய விரலில் சீழ். "பொன்னேரி போனா அரை நாள் பூடும் மாமா."
"நான் எதுக்குடா இருக்கேன்?" அட்டையிலிருந்து ஒன்று பிதுக்கிக் கொடுத்தேன்.
கோமளா: "அது இன்னா மாத்திரைன்னு தெரியுமா உனுக்கு?"
"என் கால் ஆறுச்சா இல்லியா?"

நவ. 7, வெள்ளி. பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தா
நேற்று அதற்கு மேல் எழுதவில்லை. மாத்திரை முழுங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தேசப்பனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. உதடு உப்பியது, அப்புறம் கண். நான் கண்ணாடியை எடுத்துக் காட்டி, "மறுபடியும் மாப்ளையாயிட்டடா" என்றேன். சிரித்தேன். எழுதித்தான் ஆகவேண்டும்: சிரித்தேன். "மூச்சு... மாமா" என்றான். கோமளாதான் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள்.
பழவேற்காட்டில் ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். திருப்பாலைவனம் தாண்டும்போது பேச்சு நின்றது. இப்போது தொண்டையில் குழாய்.

டாக்டரம்மா: "இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"
அவன் பெண்டாட்டி மல்லிகா: "ஊசிதானேண்ணே ஆகாது? இது மாத்திரைதானே?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதை என்னுடையதாயிற்றே. சொன்னேன். பழக்கதோஷம், "மாப்ள எங்க" வரைக்கும் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.
டாக்டரம்மா: "பென்சிலின் ஆகாத எல்லாருக்கும் இது இப்படிப் பண்ணாது. ஆனா அவ்ளோ வீங்கினவருக்கு, கேக்காம கொடுக்கவே கூடாது. ரெண்டும் சொந்தக்கார மருந்து."
ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

நவ. 8, சனி
நல்ல வெயில். படகுகள் இறங்கியிருக்கும். அவன் கண் திறக்கவில்லை. கோமளா என்னோடு பேசவில்லை. என் காலும் திரும்ப வீங்கிச் சுடுகிறது. பாதியில் நிறுத்தியதற்கு. யாரிடமும் சொல்லவில்லை.

மல்லிகா வந்தாள். "அண்ணே, உள்ள போய் அந்தக் கதைய சொல்லு. உன் குரல் கேட்டா எழுந்துப்பாரு."
போனேன். காதருகே குனிந்தேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் தொண்டை வலி, என்று ஆரம்பித்தேன்.
ஊசி வரைக்கும் வந்தேன்.