உங்கள் போனஸும் என் பத்திரமும்

என்றைக்கும் என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் நினைவு நாளுக்கு வழக்கமாக நாலு வரி எழுதுவேன். இந்த வருஷம் அது போதாது.

முதலில் நல்ல செய்தி. வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது அப்பா. நீங்கள் பார்க்காத வீடு இது. பாளையங்கோட்டையில், சொசைட்டியில் கடன் வாங்கி நான் கட்டியது. கெடு முடிவதற்கு முன்பே அடைத்துவிட்டேன். கல்லூரி வாத்தியார் சம்பளத்தில், ஒருத்தரிடமும் கை நீட்டாமல். அடமானத்தில் கிடந்த பத்திரம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. அதற்காக நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில், கல்யாண வீடு மாதிரி தேங்காய்ப்பால் பிழிந்து, சொதிச் சாப்பாடு போட்டேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நல்லது நடந்தால் மூடி வைக்கிறவன் நான். டி.வி.எஸ். வண்டியின் கடைசித் தவணையைக் கட்டிய அன்று டவுணுக்குப் போய் அல்வா வாங்கி வந்தேன். தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தின்றோம். உங்கள் மருமகள் கோமதியின் இரட்டைவடச் சங்கிலியை அடகிலிருந்து திருப்பியபோது, அதை உடனே போட்டுக்கொள்ள வேண்டாம், நாலு பேர் கேட்பார்கள் என்றேன். பல வருஷம் காத்திருந்து டெலிபோன் வந்தது. யாருக்கும் நம்பர் தரவில்லை. ஒரு மாசம் அது அடிக்கவே இல்லை. உங்கள் பேத்தி தினமும் அதைத் துடைத்து வைத்தாள்.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மில்லில் போனஸ் போடுகிற நாளில் நீங்கள் பாபநாசம் பஸ்ஸில் வந்து கல்லிடைக்குறிச்சியில் இறங்குவீர்கள். நாங்கள் வாசலில் நிற்போம். நீங்கள் நம் தெருவுக்குள் திரும்ப மாட்டீர்கள். நேரே பெரியப்பா வீட்டுக்குப் போவீர்கள். வெற்றிலைத் தட்டில் கவரை வைத்து அண்ணன் முன்னால் நீட்டுவீர்கள். மூத்தவன் கை பட்டால் பணம் பெருகும் என்பது நம் வீட்டு வழக்கம். பெரியப்பா கவரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு பிரிப்பார். கோயில் கொடை விழாவுக்கு என்று ஒன்று, வீட்டு ஓடு மாற்ற என்று ஒன்று, இப்படி எடுப்பார். மிச்சத்தைத் தட்டில் வைத்துத் திருநீறு பூசி அனுப்புவார். அதைத்தான் நீங்கள் எங்களிடம் கொண்டு வருவீர்கள், சிரித்த முகத்தோடு.

எனக்குச் சென்னையில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்த வருஷம் அந்தக் கவர் பெரியப்பா மகள் கல்யாணப் பந்தலாக நின்றது. "இங்கனயே படியேன், எல்லாம் ஒரே படிப்புதான்" என்றீர்கள். படித்தேன். என்னோடு இடம் கிடைத்தவன் இன்றைக்கு டெல்லியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். நான் மறக்கவில்லை அப்பா. முதல் சம்பளத்தை நீங்கள் சொன்னதற்காக அதே தட்டில் கொண்டு போய் வைத்தேனே, அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "வாத்தியார் சம்பளம்தானலே, இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய கவரு" என்றாரே, அதையும் மறக்கவில்லை.

ஆகவே இந்தப் பத்திரம் கைக்கு வந்தபோது, இதை மட்டும் மூடி வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட வேண்டும். பெரியப்பா கட்டாயம் வர வேண்டும். பத்திரத்தைச் சாமி முன்னால் தட்டில் வைக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் கை படாமல் நானே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வாக்கியமும் தயார் செய்து வைத்திருந்தேன். எத்தனையோ வருஷமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் அது.

பெரியப்பாவை அழைக்க நானே கல்லிடைக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டார். காது நன்றாகக் கேட்கிறது, நாக்கும் அப்படியேதான் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "கடன அடச்சதுக்குச் சொதியாலே? அப்பம் கடனே வாங்காதவன்லாம் தெனமும்லா சொதி போடணும்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கோமதிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் என்னோடு குடித்தனம் செய்கிறவள். தேங்காய் வாங்கப் போகும்போது கேட்டாள்: "இது சந்தோசத்துக்குப் போடுத சாப்பாடா, யாருக்காச்சும் காட்டுததுக்கா?" நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் அதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நேற்றுக் காலையில், சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை பின்கட்டில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருக்க, அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

அம்மா எப்போதும் சத்தம் போட்டுப் பேச மாட்டாள். உங்களுக்குத் தெரியாததா? பையச் சொன்னாள்: "நீ என்ன பேசுவியோ பேசு. அவுக இந்த வீட்ல கை நனைக்காம எந்திச்சுப் போனா, நானும் நனைக்க மாட்டேன். இன்னைக்கு மட்டுமில்ல."

அம்மா சொன்னால் செய்கிறவள். என் வீட்டில், என் கடன் தீர்ந்த அன்று, என் அம்மா பட்டினி கிடப்பாள். அதுவும் யாருக்காக? நம் வீட்டுக் கவரைப் பிரித்தவருக்காக. அப்போது எனக்குப் பெரியப்பா மேல் இருந்த கோபத்தை விட அம்மா மேல் வந்த கோபம்தான் அதிகம்.

எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியப்பாவும் வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவர், ஜன்னல், மேலே சுற்றுகிற காத்தாடி, எல்லாவற்றையும் பார்த்தார். சிமெண்டு என்ன விலை என்று கேட்டார். நான் வேறு பக்கம் போய்விட்டேன். பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் பூசை. விளக்கேற்றி, தட்டில் பத்திரத்தை வைத்து, சூடம் காட்டினேன். பக்கத்திலேயே உங்கள் படம். அந்தப் படத்துக்குக் கீழே அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் குனிந்து தட்டை எடுக்கப் போனேன். அதற்குள் ஒரு கை நீண்டது. தோல் சுருங்கி, நரம்பு தெரிகிற கை. எப்போது நாற்காலியை விட்டு எழுந்து வந்தார் என்றே தெரியவில்லை.

"கொண்டா லே" என்றார்.

நான் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தேன். அவர் மறு பக்கத்தைப் பிடித்துவிட்டார். நான் திருத்தி வைத்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. வாயில் வந்தது வேறு.

"பெரியப்பா, இது அப்பா கவரு இல்ல."

"தெரியும்லே. உங்கப்பன் கவரு இம்புட்டுக் கனமாவா இருக்கும்?"

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கோபத்தில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. "கனமாத்தான் இருந்துச்சு" என்றேன். "உங்க படி ஏறும்போது கனமா இருந்துச்சு. எறங்கும்போதுதான் லேசாயிரும்."

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோமதி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். பெரியப்பாவின் தாடை ஆடியது. இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், போக வேண்டும் என்றும் நினைத்தேன், போய்விடக்கூடாதே என்றும் நினைத்தேன்.

அவர் தட்டை விடவில்லை. "எடுத்தேன்" என்றார். "இல்லங்கல. எடுத்தத எண்ணி வச்சிருக்க. வச்சதையும் எண்ணணும்லா? எங்கிட்ட ஏன் கேக்க. உங்கம்மா இருக்கா, கேளு."

அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். பெரியப்பா முன்னால் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அவர் வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் படத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எடுத்தாக. வச்சாக. எடுத்ததுதான் கூட."

பெரியப்பா முகம் சுருங்கியது. அம்மா தன் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பியிருப்பார். கூடத்தில் ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்துப் பரவியது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். "இவகிட்ட சாட்சி கேட்டேன் பாரு" என்றார்.

ஆனால் அம்மா நிறுத்தவில்லை. மில்லைப் பூட்டிப் போட்ட வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். அந்த வருஷம் போனஸ் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனாலும் தீபாவளிக்கு முந்தின வாரம் வழக்கம் போல நீங்கள் வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனீர்களாம். "வெறுந்தட்டோட போனாக. வெறுந்தட்டோட வரல" என்றாள். அரிசியும், எங்களுக்குத் துணியும், அடுத்த தை வரைக்கும் ஓட்டப் பணமும் அந்தத் தட்டில்தான் வந்ததாம். பிள்ளைகளிடம் சொல்லாதே என்று நீங்கள்தான் சொன்னீர்களாம்.

அந்தத் தீபாவளி எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு நீலக் கோடு போட்ட சட்டை. நீங்கள் சீட்டுப் பிடித்த பணத்தில் எடுத்தது என்று சொன்னீர்கள். நீங்கள் எந்தச் சீட்டிலும் இல்லை என்பது எனக்கு ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை?

ஏன் சொல்லவில்லை அப்பா? அவர் எடுத்ததை எங்கள் கண் முன்னால் எடுக்கவிட்டீர்கள். வைத்ததை மட்டும் மறைத்தீர்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டீர்களா, எங்கள் ரோஷத்தையா? நான் முப்பது வருஷம் ஒரு ஆளைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டு வெறுத்திருக்கிறேன். முழுக்கத் தெரிந்திருந்தாலும் வெறுத்திருப்பேன். அது வேறு விஷயம். எடுத்ததுதான் கூட, அம்மாவே சொல்லிவிட்டாள். ஒரு தீபாவளிக்கு எதிராக என் சென்னைப் படிப்பு நிற்கிறது. அதை எந்தத் தட்டில் வைப்பது?

தட்டு இன்னும் எங்கள் இருவர் கையிலும் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவர் வாங்கவும் இல்லை. அம்மாதான் சொன்னாள்: "ரெண்டு பேருமாக் கீழ போட்டுராதீக. எலை காயுது."

பெரியப்பா குனிந்தார். நான் பிடித்தபடியே இருக்க, பத்திரத்தில் கண்ணை ஒற்றிக்கொண்டார். அவர் தலையில் முடியே இல்லை அப்பா. பின்கழுத்து உங்கள் கழுத்து மாதிரியே இருந்தது. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். திருநீறு பூசக் கை உயர்ந்தது. நான் பின்வாங்கவில்லை. நெற்றியை நீட்டவும் இல்லை. அவரே எட்டிப் பூசினார்.

முதல் பந்தியில் தலை இலையில் உட்கார்ந்தார். மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டார். இஞ்சித் துவையலில் இஞ்சி பத்தவில்லை என்று தவசுப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் எழுந்து கை கழுவிய பிறகு அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். நானே பரிமாறினேன். அவள் ஒரு வாய் சோறு எடுத்து வைக்கும் வரைக்கும் நான் அந்த இலையை விட்டு நகரவில்லை.

எல்லாரும் போன பிறகு, இந்தச் சாப்பாடு யாருக்காக என்று கோமதி மறுபடி கேட்கவில்லை. பீரோவிலிருந்து அந்த இரட்டைவடச் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

நான் பெரியப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம். உங்கள் மேலும் இப்போது ஒரு வருத்தம் சேர்ந்திருக்கிறது. அதை ஆற்ற நீங்கள் இல்லை.

ஒன்றே ஒன்றுக்கு வாக்குத் தருகிறேன். சொதி சாப்பிட்ட கையோடு உங்கள் பேரனும் பேத்தியும் என்னிடம் வந்து, தாத்தாவும் பெரிய தாத்தாவும் சண்டைக்காரர்களா என்று கேட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அம்மா சொன்ன வரிசையிலேயே சொல்வேன். எடுத்ததை முதலில் சொல்வேன், ஒன்று விடாமல். வைத்ததையும் சொல்வேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் சொல்வேன்.

உங்கள் மூத்த மகன்,
பெரியப்பாவின் தம்பி மகனும்தான்,
சங்கரன்