உப்புக் காபி

அக்டோபர் 9, வியாழன்

இஸ்தான்புல், மோடாவில் காலையிலிருந்து மழை. ஆல்பத்தின் கடைசிப் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் பதிவாகிவிட்டது. ஃபெர்ரூஹ் தன் டிரம்ஸ் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, "இல்ஹான் பாக்லமா வாசிக்காம இந்தப் பாட்டு நிக்காது. நீயே கூப்பிடு. நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான்" என்றான்.

நான் கேட்டுத்தானே மாட்டேன் என்றான்! ஜெர்மனிக்கு, கொலோனுக்குக் கூடவே வா என்றான், முடியாது என்றேன். இங்கேயே இரு என்றேன், போய்விட்டான். இரண்டு வருடம் ஆகிறது. நிச்சயதார்த்த மோதிரம் இன்னும் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது.

ஆல்பத்துக்கு 'உப்புக் காபி' என்று பெயர் வைத்தவளும் நான்தான். பெண் கேட்டு வருகிறவனுக்குக் காபியில் உப்பைப் போட்டுக் கொடுப்போம், முகம் சுளிக்காமல் குடிக்கிறானா என்று வீடே பார்த்துக்கொண்டிருக்கும். இல்ஹான் குடித்து முடித்துவிட்டு, "இன்னொரு கப் கிடைக்குமா?" என்றான். அம்மா சிரித்த சிரிப்பு மாடி வரை கேட்டது. அதைப் பாட்டாக்காமல் வேறென்ன செய்வது?

அக்டோபர் 10

பேசினேன். நவம்பரில் வருகிறானாம். "வாசிச்சுட்டு அப்படியே நாலு நாள் இருந்துட்டுப் போறேன்."

அப்படியே. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிரிக்கிறேன். நாற்பத்தொரு வயது. வெட்கமே இல்லை எனக்கு.

அக்டோபர் 26

ஆர்கனைத் துடைத்தேன். இல்ஹானோடு செய்த முதல் ஒத்திகை ஞாபகம் வந்தது.

பாக்லமா என்ற தந்தி வாத்தியத்தின் நீளக் கழுத்தில் சுரங்களுக்கெல்லாம் மீன்பிடி நரம்பால் முடிச்சுப் போட்டிருப்பார்கள். தள்ளினால் நகரும். இல்ஹான் ஊர்ப் பாட்டில் வரும் ஒரு சுரம் என் ஆர்கனில் கிடையாது, வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பல் கூசும். அன்றைக்கு அவன் அந்த முடிச்சை மட்டும் கொஞ்சம் தள்ளி, என் சுரத்தோடு சேர்த்துவிட்டான். "உன் பெட்டிக்காக எங்க ஊரையே நகர்த்தி வச்சிருக்கேன், பாத்துக்கோ."

பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது அவன் அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு முடியும் வரை வாயைத் திறக்கவில்லையாம். அப்போதும் இவன் முடிச்சைத் திருப்பி வைக்கவில்லை. எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டியிருந்தது?

நவம்பர் 8

வரவில்லை. அவன் பாடம் நடத்தும் பள்ளியில் லீவு இல்லையாம். அங்கேயே வாசித்து அனுப்புகிறானாம்.

நவம்பர் 20, வியாழன்

அவன் வாசித்து அனுப்பியது வந்தது. ஒலிக்கலவை செய்யும் பெர்ரினோடு உட்கார்ந்து கேட்டேன். முதல் வரியிலேயே உடம்பு சிலிர்த்தது. அதே விரல், அதே எக்கோ, சுழன்று சுழன்று வருகிறது. அப்புறம் அந்த இடம். என் ஆர்கனும் அவன் தந்தியும் மோதிக்கொண்டன. பெர்ரின் முகத்தைச் சுளித்தாள்.

"அந்த முடிச்சப் பழைய எடத்துக்கே கொண்டு போயிட்டாரு போல. நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறேன், யாருக்கும் தெரியாது."

"தொடாதே."

"அக்கா, காது கூசுதே!"

"தொடாதேன்னு சொன்னேன்ல!"

கத்தியிருக்க வேண்டாம். பாவம் அவள்.

ஆக, சொல்லிவிட்டான். வாயால் சொல்லத் துணிவில்லை, முடிச்சால் சொல்லிவிட்டான். உன் பக்கம் இனி இல்லை என்று.

டிசம்பர் 2

இல்ஹானே கூப்பிட்டான். ஃபெர்ரூஹ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான்.

"ஐயோ நெர்மின், அந்த முடிச்சு... இங்க நம்ம ஊர்க்காரங்களோட வாசிக்க ஆரம்பிச்சப்பவே மாத்திட்டேன். உனக்கு வாசிக்கறப்ப சுத்தமா மறந்தே போச்சு. தள்ளி வச்சு திரும்ப வாசிச்சு அனுப்பட்டுமா? பத்து நிமிஷ வேலை."

மறந்தே போச்சாம். நான் பன்னிரண்டு நாளாக அதில் ஒரு கடிதமே படித்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு மறந்துபோச்சாம். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை நினைத்துக்கூட நகர்த்தலடா நீ!

"வேண்டாம்," என்றேன். "நல்லாத்தான் இருக்கு."

"நல்லாவா? உன் ஆர்கனோட சண்டை போடுமே?"

"ஆர்கன எடுத்துடறேன்."

அங்கே பனி பெய்கிறது என்றான்.

டிசம்பர் 5

அந்த இடத்தில் ஆர்கன் இல்லாமல் பாடிப் பதிந்தோம். குரலுக்குக் கட்டைகள் ஏது? காலை முழுக்கத் தப்பாகப் போனது, மேலே போகிறேன் அல்லது கீழே. மதியம் ஒரு சிமிட் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து நின்றேன், குரல் அந்தச் சுரத்தில் போய் உட்கார்ந்தது. அவன் எனக்காக விட்டுக்கொடுத்திருந்த சுரம் இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாகவே அழுதேன்.

மார்ச் 14, சனி

பக்கத்துக் கடிக்கொய்யில் ஆல்பம் வெளியீடு. அவன் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பாக்லமா வாசிக்க ஹிக்மெத் என்று ஒரு பள்ளி இசை ஆசிரியர் வந்திருந்தார், சிவாஸ் ஊர்க்காரர். மேடை ஏறும் முன் என் ஆர்கனைப் பார்த்தார், தன் வாத்தியத்தைப் பார்த்தார், நரம்பு முடிச்சில் விரலை வைத்தார்.

"நெர்மின் அக்கா, இத உங்க பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சுக்கட்டுமா?"

"வேண்டாம் ஹிக்மெத். அது எங்க இருக்கோ அங்கேயே இருக்கட்டும்."

கடைசிப் பாட்டில் அந்த இடம் வந்ததும் ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாடினேன். வலிக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். முடிந்ததும் ஃபெர்ரூஹ் வாங்கி வந்த, சோறு அடைத்த சிப்பியில் பாதிக்கு மேல் நானே தின்றேன், அத்தனை பசி.